உப்பு ஒரு கிண்ணம், நன்னீர் ஒரு கிண்ணம்

(இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ஞாயிறு மாலை, வாசகர்களும் பள்ளிப் பிள்ளைகளும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் தண்ணீர் வேலை பார்க்கிறவன். இந்தச் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் ஆர்ஓ பிளான்ட்டில் 19 ஆண்டுகளாக ஷிப்ட் பார்க்கிறேன். தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றிப் பேசுவேன், கோயம்பேட்டிலிருந்து குழாய் வழியாக நம் தொழிற்சாலைகளுக்கு வரும் சுத்திகரித்த நீரைப் பற்றிப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். இரண்டும் இந்தப் பேச்சில் வரும். ஆனால் நான் பேச வந்தது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் உயிருக்கு இரண்டு கிண்ணம் தண்ணீர் வைப்பது பற்றி.

சங்கு நண்டைச் சொல்கிறேன். பாடப் புத்தகத்தில் துறவி நண்டு. இங்குள்ள அடுக்ககங்களில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி, அதில் கொஞ்சம் மணல், ஒரு மூடி அளவு தண்ணீர், உள்ளே இரண்டு மூன்று சங்கு நண்டுகள் என்று பல வீடுகளில் பார்க்கிறேன். வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் நல்ல மனத்தோடுதான் வாங்கிக் கொடுக்கிறார்கள். அந்த மூடித் தண்ணீர்தான் என்னை இங்கே நிற்க வைத்திருக்கிறது.

என் வீட்டில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். என் மகள் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது கோவளத்துக்குப் போயிருந்தோம். கரையில் வலை உதறிக்கொண்டிருந்தார்கள். விற்க ஆகாதது என்று ஒதுக்கிய குப்பையில் சின்னச் சங்குகள் கால் முளைத்து நடந்தன. அவள் இரண்டை எடுத்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் எவர்சில்வர் கிண்ணத்தில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அதில் விட்டோம். விட்டது நான்தான். மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "அப்பா, அது வீட்ட விட்டு வெளிய வந்துடுச்சுப்பா" என்றாள். ஒரு நண்டு சங்கைவிட்டு முழுதாக வெளியே வந்து, சுருண்ட மெல்லிய வயிற்றோடு கிண்ணத்தின் அடியில் கிடந்தது. மற்றொன்று சங்குக்குள்ளேயே செத்துவிட்டிருந்தது.

சங்கு நண்டு சங்கைவிட்டு வெளியே வருவது சாதாரணமான செயல் அல்ல. அதன் வயிற்றுப் பகுதிக்கு ஓடு கிடையாது. சங்கில்லாமல் வெளியே வந்தால் காயும், இரையாகும். பெல்பாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்து ராபர்ட் எல்வுட் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சங்கு நண்டுகளுக்கு மிகச் சிறிய மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். பிடிக்காத சங்கில் இருந்தவை சீக்கிரம் வெளியேறின. பிடித்த சங்கில் இருந்தவை பொறுத்துக்கொண்டு இருந்தன. வலியையும் வீட்டையும் அது எடை போட்டுப் பார்க்கிறது என்பதே இதன் பொருள். என் மகளின் நண்டும் அந்த இரவு அப்படி எடை போட்டுத்தான் வெளியே வந்திருக்கும்.

ஏன் செத்தது? இதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் மனம் கனக்கிறது. ஒரு மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் உப்பு மிகுந்த நீரும் மறுபக்கம் உப்புக் குறைந்த நீரும் இருந்தால், உப்புக் குறைந்த பக்கத்து நீர் தானாகவே சவ்வைத் தாண்டி உப்புப் பக்கம் போகும். சவ்வூடு பரவல். அதை எதிர்த்து பம்ப் வைத்துத் தள்ளினால் அதற்குப் பெயர் ஆர்ஓ. என் குடும்பம் சாப்பிடுவதே இந்த ஒரு விதியில். கடல் நண்டின் இரத்தம் கடல் அளவுக்கு உப்பு. அதன் செவுள் ஒரு சவ்வு. அதைக் குழாய்த் தண்ணீரில் விட்டால் தண்ணீர் நிற்காமல் உடம்புக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். பகலெல்லாம் மெம்பிரேன் முன்னால் நிற்கிறவன், இரவில் வீட்டுக் கிண்ணத்தில் அதே விதி ஓர் உயிரைக் கொல்வதைப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். முதலில் தெரிந்துகொண்டது, சங்கு நண்டு என்பது ஒரே உயிர் அல்ல. கடலிலேயே வாழ்பவை வேறு, கரையில் வாழ்பவை வேறு. சென்னைக் கரையில் வலையில் ஏறி வருபவை பெரும்பாலும் கடல்வகை. டயோஜெனிஸ் என்ற பேரினம், கிளிபனேரியஸ் என்ற பேரினம் இங்கே சாதாரணம். தாழிக்குள் குடியிருந்த கிரேக்க ஞானியின் பெயரைத்தான் முதலாவதற்கு வைத்திருக்கிறார்கள். இவை நீருக்குள்தான் மூச்சு விடும். இவற்றுக்குக் கிண்ணம் போதாது; வடிகட்டியும் காற்றுக் குழாயும் ஓடுகிற முழுக் கடல்நீர்த் தொட்டி வேண்டும்.

நிலத்தில் வாழும் வகைக்கு சீனோபிட்டா என்று பெயர். மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் லட்சத்தீவிலும் அந்தமானிலும் உண்டு. கடைகளில் செல்லப் பிராணியாக விற்பது இந்த வகையைத்தான். காய்ந்த மணலில் தயங்காமல் நடக்கும். கண்காம்பு நீண்டு பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். இடக்கை பெரியது, அதைக் கதவுபோல வைத்துச் சங்கின் வாயை அடைத்துக்கொள்ளும். கையில் எடுத்தால் உள்ளே ஒடுங்கி, கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்த்து, நடக்கத் தொடங்கிவிடும். நான் இன்று கிண்ணம் வைக்கச் சொல்வது இதற்கு மட்டும்தான்.

இந்த உயிர்களை வகைப்படுத்தி எழுதிய பெரியவர்களில் ஒருவர் நம் சென்னையில் பாடம் நடத்தியவர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஜான் ராபர்ட்சன் ஹெண்டர்சன். சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிச் சேர்த்து வந்தவற்றில் துறவி நண்டுகளும் அவற்றின் உறவினங்களும் இவர் கையில்தான் கொடுக்கப்பட்டன. அறிக்கை 1888-இல் வந்தது. அதே ஹெண்டர்சன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தார். ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கத்து நண்டுகளையும் இறால்களையும் பற்றி 1893-இல் எழுதினார். பின்னாளில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகவும் இருந்தார். 1909-இல் மெரினா கரையில் ஒரு கடல்வாழ் உயிர்க் காட்சியகம் திறந்தார்கள். கடல்நீர்த் தொட்டிகளில் உயிர்களை வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டிய அந்த இடம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. கடலை எதிரில் வைத்துக்கொண்டு தண்ணீரை மாற்றி மாற்றி உயிர்களைக் காப்பாற்றிய அனுபவம் இந்த ஊருக்கு நூறு ஆண்டுக்கு முன்பே இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, என் வீட்டுக்கு வருகிறேன். இரண்டு ஆண்டு கழித்து எதிர் வீட்டுக் குடும்பம் மாற்றலாகிப் போனது. லாரியில் சாமான் ஏற்றும்போது அந்த வீட்டுக்காரர் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்தார். "சார், நீங்க தண்ணி ஆளு, நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். மூன்று நில நண்டுகள். சங்குகளில் சிவப்பும் நீலமும் பெயிண்ட். ஒரு சோடாமூடி அளவுத் தட்டு, அதில் ஊறிய ஒரு ஸ்பாஞ்ச். கடையில் இப்படித்தான் வைக்கச் சொன்னார்களாம். நிலத்தில் வாழ்கிறது, நக்கிக் குடிக்க ஈரம் இருந்தால் போதும் என்று விற்கும்போது சொல்லிவிடுகிறார்கள்.

அது தவறு. ஏன் தவறு என்பதைப் பிள்ளைகள் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும்.

நில நண்டு கடலைவிட்டு வந்துவிட்டது, ஆனால் கடலைக் கொஞ்சம் கையோடு எடுத்து வந்திருக்கிறது. அதன் சங்குக்குள் எப்போதும் சிறிது தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீர்தான் மெல்லிய வயிற்றை நனைத்து வைக்கிறது. செவுளும் ஈரமாக இருந்தால்தான் காற்றிலிருந்து உயிர்வளியை எடுக்க முடியும். ஈரம் போனால் திறந்த வெளியில், நல்ல காற்றில் இருந்தபடியே மூச்சுத் திணறிச் சாகும். மெதுவாக, பல நாளில். அதனால்தான் வளர்க்கிறவர்களுக்குக் காரணம் தெரிவதில்லை. நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது என்பார்கள்.

சங்குக்குள் வைத்துக்கொள்ளும் தண்ணீர் எந்த உப்பில் இருக்க வேண்டும் என்பதை நண்டே தீர்மானிக்கிறது. கரீபியக் கடலில் குராசோ என்ற தீவில் டி வில்டே என்ற டச்சு ஆய்வாளர் அந்த ஊர் நில நண்டைப் பல காலம் கவனித்து 1973-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அதன் நீர்க்கணக்கும் உப்புக்கணக்கும் பெரும்பகுதி. வெயிலில் அலைந்து நீர் ஆவியானால் சங்கின் உள்ளே உப்பு ஏறும். அப்போது நன்னீர் தேடும். மழையில் நனைந்து உப்பு இறங்கினால் கடல் ஓரம் போகும். தான் இருக்கும் நிலைக்கு ஏற்ப இரண்டையும் கலந்துகொள்ளும். நாங்கள் பிளான்ட்டில் மீட்டர் பார்த்து வால்வு திருப்பிச் செய்கிற பிளெண்டிங், அது தன் உணர்கொம்பால் தொட்டுப் பார்த்துச் செய்கிறது. அப்படியானால் நாம் அதன் முன் இரண்டு தண்ணீரையும் வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் பாதி வால்வைப் பூட்டிவிட்டதாகப் பொருள்.

கடல்நீர்க் கிண்ணத்தில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். "உப்புத் தண்ணிதானே, கல் உப்பைக் கரைச்சா ஆச்சு" என்று என் தங்கையே சொன்னாள். ஆகாது. கடல்நீர் ஒரு லிட்டர் எடுத்தால் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் இருக்கும். அதில் குளோரைடு 19 கிராமுக்கு மேல், சோடியம் 10 கிராமுக்கு மேல். மிச்சத்தில்தான் உயிர் இருக்கிறது: சல்பேட் 2.7 கிராம், மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம் அளவு. நம் மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் பாத்தியில் கடல்நீரைக் காயவிடும்போது கால்சியம் முதலிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. பிறகு சமையல் உப்பு விளைகிறது. மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் போய்விடுகிறது. உப்பளத்துக்காரர்களின் திறமையே இந்த மூன்றையும் பிரிப்பதுதான். நம் சாப்பாட்டுக்கு அது சரி. ஆனால் அந்தக் கல் உப்பை மறுபடி தண்ணீரில் கரைத்தால் கடல் திரும்பி வராது. ஓடு கட்ட வேண்டிய நண்டுக்குக் கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத உவர்நீர்தான் கிடைக்கும். அயோடின் கலந்த பாக்கெட் உப்பில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களும் உண்டு, அதுவும் வேண்டாம்.

கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவை இருக்கிறது. கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கேட்டால் கிடைக்கும். "அக்வேரியம் சால்ட்" என்று நன்னீர் மீனுக்குக் கொடுப்பது வேறு. கடல்மீன் வளர்க்கிறவர்கள் வாங்கும் உப்பு என்று தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவில், குளோரின் நீக்கிய நீரில் போட்டு, ஓர் இரவு காற்றுக் குழாயை ஓடவிட்டால் முழுக்கக் கரையும். கையடக்க டிடிஎஸ் மீட்டரை இதில் முக்காதீர்கள். அவற்றில் பலவும் 10,000 பிபிஎம்மைத் தொடுவதற்குள் நின்றுவிடும், கடல்நீர் 35,000. மீன் கடைகளில் விற்கும் மிதவை அடர்த்திமானி போதும், அது 1.021-க்கும் 1.026-க்கும் இடையில் நிற்க வேண்டும்.

நெம்மேலியிலும் மீஞ்சூரிலும் நாம் கடலைக் குடிநீராக்குகிறோம். மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் தொடங்கிய ஆலைகள் ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் கொடுக்கும் அளவில் கட்டப்பட்டவை. வளிமண்டல அழுத்தத்தைப்போல அறுபது மடங்கு வரை அழுத்தம் கொடுத்துக் கடல்நீரைச் சவ்வின் வழியே தள்ள வேண்டியிருக்கிறது. இவ்வளவு பாடுபட்டுப் பிரித்த உப்பை நான் இரவில் வீட்டில் ஒரு கரண்டியால் கலக்கி மறுபடி சேர்க்கிறேன். அந்தக் கரண்டிச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

கடற்கரைக்குப் போய் நேரடியாகக் கடல்நீர் எடுத்து வரலாமா என்று கேட்பார்கள். கூவம், அடையாறு முகத்துவாரங்களுக்குப் பக்கத்தில் எடுக்கவே கூடாது. மழைக்காலத்தில் வங்கக் கடலின் மேல்நீர் நீர்த்துப்போகும். இங்கிருந்து கடல் நாற்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும்போது, கலந்துகொள்வதே நல்லது.

இனி நன்னீர்க் கிண்ணம். இது எளிது என்று நினைக்கிறோம். நம் ஊரில் இதுவும் எளிதல்ல. மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும், இருக்க வேண்டும்; செம்பரம்பாக்கத்தில் 2007-இல் தொடங்கிய நாளுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர் குளோரின் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தால் நாம் நோயில் விழுவோம். 2019 முதல் கோயம்பேட்டிலிருந்து நாளுக்கு 4.5 கோடி லிட்டர் அளவில் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து, ஆர்ஓ செய்து, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். எந்த ஆர்ஓ ஆனாலும், மெம்பிரேனுக்குள் நீர் போகும் முன் குளோரினை எடுக்க எஸ்எம்பிஎஸ் என்ற பொருளை டோசிங் பம்ப் வைத்துச் சேர்ப்போம். அந்தப் பம்ப் சற்று நேரம் நின்றாலும் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். மெம்பிரேனைக் குளோரின் அரித்துவிடும். லட்சக்கணக்கில் விலையுள்ள சவ்வுக்கு நாம் காட்டும் அக்கறையை நண்டின் செவுளுக்கும் காட்ட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அதுவும் சவ்வுதான்.

செய்வது கடினமில்லை. ஒரு வாளியில் பிடித்து மூடாமல் ஒரு நாள் முழுவதும் வையுங்கள், குளோரின் போய்விடும். அவசரமென்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் படிகங்களில் ஒன்றிரண்டு போதும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் இங்கே பல தெருக்களில் டிடிஎஸ் ஆயிரத்தைத் தாண்டுகிறது. அதை நன்னீர் என்று வைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் கேன் தண்ணீர்தான் வைக்கிறேன். அதில் தாதுக்கள் குறைவு என்பதால் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டை வாங்கி, நன்றாக அலசி, மணல்மேல் வைத்திருக்கிறேன். மூன்றும் அதைச் சுரண்டித் தின்கின்றன.

கிண்ணம் எதில் இருக்க வேண்டும்? கண்ணாடி, பீங்கான், சாப்பாட்டுக்குப் பயன்படும் பிளாஸ்டிக். செம்பு, பித்தளை கூடவே கூடாது. நண்டின் இரத்தத்திலேயே செம்பு இருக்கிறது, ஆனால் தண்ணீரில் கரைந்த செம்பு அதற்கு நஞ்சு. மண்சட்டி கசிந்து மணலை நனைக்கும்.

ஆழத்தில் சமரசம் வேண்டாம். இருப்பதில் பெரிய நண்டு சங்கோடு முழுகும் அளவு ஆழம் வேண்டும். முழுகினால்தான் சங்கின் உள்ளே பழைய நீரை வெளியே தள்ளிப் புதிய நீரை ஏற்ற முடியும். ஆனால் நில நண்டு நீந்தாது. வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் உள்ளேயே கிடந்தால் கடைசியில் மூழ்கிச் சாகும். அதனால் இறங்கவும் ஏறவும் படி வேண்டும். நம் கோயில் குளங்களைக் கட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றாலும் இறங்கி ஏற ஒரு படி இருக்கும். கூழாங்கல்லை அடுக்குங்கள், அல்லது கண்ணியுள்ள பிளாஸ்டிக் வலையை வளைத்துக் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து அடிவரை பொருத்துங்கள். இரண்டு கிண்ணத்துக்கும் இது வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை நீர் மாற்றுங்கள். காற்றுக் குழாய் ஓடினால் சற்றுத் தள்ளிப் போடலாம். ஸ்பாஞ்சை எடுத்து எறிந்துவிடலாம். கிருமி வளர்வதைத் தவிர அதனால் பயனில்லை.

கிண்ணம் வழிந்து மணலுக்குள் இறங்கக் கூடாது. இதை நான் அனுபவத்தில் கற்றேன். மூன்றில் நடுத்தர அளவு நண்டு ஒரு நாள் காணாமல் போனது. மணலுக்குள் போய்விட்டது, தோலுரிக்கப் போகிறது என்று புரிந்தது. பழைய ஓட்டைக் கழற்றி, புதியது இறுகும் வரை அது மண்ணுக்குள் வாரக்கணக்கில், பெரியதென்றால் மாதக்கணக்கில் கிடக்கும். கழற்றிய ஓட்டைத் தானே தின்று கால்சியத்தை மீட்கும். அந்த நாள்களில் தோண்டிப் பார்ப்பதே கொலை. பதினெட்டாம் நாள் காற்றுக் குழாய் நழுவி, உப்புநீர் பாதி மணலில் இறங்கியிருந்தது. அடியில் நீர் தேங்கினால் மணலுக்குள் இருக்கும் நண்டு மூச்சுவிட முடியாது. தோண்டவும் முடியாது. பெட்டியின் மறுமூலையில் ஒரு குழி பறித்து, சிறிய குழாயை விட்டு, தேங்கிய நீரை ஒரு சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். இரவு இரண்டு மணி வரை ஆனது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். நாற்பத்து மூன்றாம் நாள் அது வெளியே வந்தது. நிறம் ஊதாவில் பளிச்சென்று இருந்தது. நேராகக் கடல்நீர்க் கிண்ணத்துக்குப் போய், படியில் ஒவ்வொரு காலாக இறங்கி, முழுகி, சங்கைச் சாய்த்து உள்ளிருந்த குமிழியெல்லாம் வெளியேற்றி, அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஏறி நன்னீர்க் கிண்ணத்துக்கு வந்து, முழுகவில்லை, சின்னக் கையால் மொண்டு வாய்க்குக் கொண்டுபோனது. என் மகள் பேசவே இல்லை.

வெளிநாட்டில் எழுதியவற்றைப் படித்துவிட்டுப் பெட்டிக்கு ஹீட்டர் வாங்கப் போகாதீர்கள். அது குளிர் நாட்டுக்கான அறிவுரை. 24 முதல் 29 டிகிரி அதற்கு இதமான வெப்பம். நம் கவலை எதிர்த்திசையில். கத்திரியில் ஷீட் போட்ட வீட்டு மாடியில் பெட்டி வெந்துவிடும். தரையை ஒட்டி, வெயில் படாத சுவர் ஓரம் வையுங்கள். ஏசி அறையென்றால் ஈரம் உறிஞ்சப்படும். கண்ணாடி மூடி போட்டு உள்ளே 80 சதவீத ஈரப்பதம் நிற்கும்படி பாருங்கள். நீர்க்கிண்ணங்கள் பெரிதாக இருந்தாலே பாதி ஈரம் கிடைத்துவிடும்.

சங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெயிண்ட் அடித்த சங்கில் வாழ்வது நண்டுக்குப் பிடித்து அல்ல, வேறு வழியில்லாமல். பெயிண்ட் தண்ணீரில் உரிந்து வயிற்றுக்குள் போகும். என்னிடம் வந்த மூன்றுக்கும் வேறு சங்குகள் வைத்தேன். ஏரிக்கரையில் கிடந்த நத்தை ஓட்டைக்கூடக் கொதிநீரில் அலசி வைத்துப் பார்த்தேன். சிறியது ஒரே இரவில் அதில் குடியேறிவிட்டது. ஓடு மெல்லியதென்றாலும் வாய் வட்டமானது, அது பிடித்திருக்கிறது. காலி செய்த சங்கை அடுத்தது எடுத்துக்கொண்டது. கடற்கரையில் இப்படி ஒரு நல்ல சங்கு காலியானால் நண்டுகள் அளவு வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வீடு மாறும். ஐவன் சேஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் மனிதர்கள் வேலையும் வீடும் மாறுவதை விளக்க உதவிய கணக்கை வைத்தே இதை ஆராய்ந்தார். ஒரு சிங்கிள் ரூம் காலியானால் எத்தனை பேர் ஷிப்ட் ஆகிறார்கள் என்று நம் தெருவில் உள்ளவர்களுக்குத் தெரியும். அப்படிக் கூட்டமாக வாழும் உயிர் அது. சீனோபிட்டா என்ற பெயரே மடத்தில் கூடி வாழும் துறவியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தனியாக ஒன்றை வளர்க்காதீர்கள்.

இவ்வளவும் சொன்னபின் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த நண்டு பெட்டியில் குஞ்சு பொரித்து வளர்வது உலகம் முழுவதிலுமே மிக அரிது. தாய் முட்டையைக் கடல் அலையில்தான் விடும். குஞ்சுகள் பல உருமாற்றங்களைக் கடலில் முடித்துவிட்டு, ஒரு துளிச் சங்கைத் தேடிப் பிடித்துக் கரை ஏறும். அதனால் கடையில் விற்பது ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு கரையில் பிடித்தது. முப்பது ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய உயிர், ஒரு பொம்மை விலைக்கு வாங்கப்பட்டு, பல வீடுகளில் ஓர் ஆண்டு தாண்டுவதில்லை. ஜப்பான் 1970-இலேயே தன் நில நண்டுகளை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. இவற்றின் பெரிய உறவான தென்னை நண்டுக்கு நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உச்சப் பாதுகாப்புக் கொடுக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா; அங்கிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது.

கரையில் அவற்றுக்கு வேறு ஆபத்தும் இருக்கிறது. தொல்காப்பியம் நண்டை நான்கறிவு உயிர்களில் வைத்தது. தொடுதல், சுவை, மணம், பார்வை. அந்த மணஅறிவே இப்போது அதற்கு எமனாகிறது. இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளிலும் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவிலும் செய்த ஆய்வில், கரை ஒதுங்கிய பிளாஸ்டிக் பாட்டில்களுக்குள் விழுந்து செத்த சங்கு நண்டுகள் ஏறக்குறைய 5,70,000 என்று மதிப்பிட்டார்கள். ஒன்று உள்ளே விழுந்து செத்தால் அந்த மணம், சங்கு காலியாகிறது என்ற செய்தியை மற்றவற்றுக்குச் சொல்லும். அவை வரிசையாக வந்து விழும். பாட்டிலின் சுவரில் படி இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். புதிதாக வாங்காதீர்கள். கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ போனால், வலை ஓரம் நடக்கும் நண்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், உள்ளங்கையில் ஒரு நிமிடம் நடக்கவிடுங்கள், ஈர மணலில் அலை தொடும் இடத்தில் விட்டுவிட்டு வாருங்கள். காலிச் சங்கையும் பையில் போடாதீர்கள். அது யாருக்கோ வீடு. பாட்டிலை மட்டும் எடுத்து வாருங்கள். வீட்டில் ஏற்கெனவே நண்டு இருந்தால் நம் கரையில் கொண்டுபோய் விடாதீர்கள், அது எந்தக் கரையிலிருந்து வந்ததோ. கடைசி வரை நன்றாக வையுங்கள். இன்றிரவே இரண்டாவது கிண்ணத்தை வையுங்கள்.

கடல் உப்பு கிடைக்காதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். இருபது லிட்டர் கேனில் கலக்கிக் கொண்டுவந்திருக்கிறேன், அடர்த்தி 1.024. மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாட்டில் கொண்டுவந்தால் ஊற்றித் தருகிறேன்.